காட்டு பிளாக்பெர்ரி பறிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில். பிழைப்பு இங்கிலாந்தில், கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். "பழம் வந்துவிட்டதா?" என்பதுதான் முதல் கேள்வி. அதன் பிறகு வருகிற கேள்விகளும் ஆண்டு தவறாமல் அதே கேள்விகள்தாம். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். சட்டமும் பருவமும் இங்கிலாந்துக்கானவை. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கும் கீழே கொஞ்சம் இருக்கிறது.

பிளாக்பெர்ரி என்றால் நாவல் பழம்தானே?

இல்லை. அவ்வைக்கு முருகன் உலுக்கிப் போட்ட நாவல் பெரிய மரத்தில் காய்ப்பது. உள்ளே ஒரே கொட்டை. பிளாக்பெர்ரி ரோஜாக் குடும்பத்து முள்புதர். கருமணிகளைச் சேர்த்து உருட்டியது போல இருக்கும் அதன் பழத்தில், மணி ஒவ்வொன்றும் ஒரு தனிப் பழம். தோல், சதை, நடுவில் கொட்டை என்று மாம்பழத்தின் அமைப்பை அப்படியே மிளகளவுக்குச் சுருக்கி வைத்திருக்கும். ஒரே பூவிலிருந்து இத்தனை மணிகளும் உண்டாவதால் பாடப் புத்தகத்தில் இதைத் திரள்கனி என்பார்கள். சீத்தாப்பழமும் அந்த இனம்தான்.

உண்மையில் குழப்பம் வருவது முசுக்கொட்டைப் பழத்தோடுதான். பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் முசுக்கொட்டை முள்ளில்லாத மரத்தில் காய்க்கிறது. பல பூக்கள் கூடி ஒரே பழமாவது, பலாவைப் போல. குடும்பத்திலும் அது பலாவுக்குப் பங்காளி. சந்தேகம் வந்தால் பறித்தவர் கையைப் பாருங்கள். கீறல் இருந்தால் பிளாக்பெர்ரி.

எந்த மாதத்தில் போகலாம்?

தென் இங்கிலாந்தில் ஜூலைக் கடைசியிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுக்கத் தொடங்கும். ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை நல்ல காலம். வடக்கே போகப் போகத் தாமதமாகும்.

இந்த ஒரு மாதத்துக்குள்ளேயே மூன்று பருவம் இருக்கிறது. ஒவ்வொரு கொத்திலும் நுனியில் இருக்கும் பழம்தான் முதலில் பழுக்கும். பெரியதும் இனிப்பானதும் அதுதான். அதை வீட்டுக்குக் கொண்டுபோக நினைப்பது பாவம், அங்கேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த இரண்டு வாரங்களில் பழுக்கிற பக்கத்துப் பழங்கள் ஜாமுக்கு. கடைசியாக வருபவை சிறுத்து, சதையைவிட விதை மிகுந்து, சப்பென்று இருக்கும். அவற்றைப் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள்.

காலைப் பனி உலர்ந்த பிறகு போங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். நீர் கோத்த பழம் பாத்திரத்தில் போட்ட ஒரு மணி நேரத்தில் கூழாகிவிடும்.

பழுத்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பறித்ததெல்லாம் புளிக்கிறது.

பத்தில் எட்டுப் பேர் இந்தப் புகாரோடுதான் திரும்புகிறார்கள். பச்சையாக இருக்கும் காய் சிவந்து, பிறகு கறுக்கும். கறுத்துவிட்டாலே பழுத்துவிட்டது என்று நினைப்பதுதான் தப்பு. பளபளவென்று மின்னுகிற கறுப்புக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். அந்த மினுக்கு மங்கி, மணிகள் சற்றே உப்பி, தொட்டால் மெத்தென்று இருக்கும்போதுதான் சர்க்கரை ஏறியிருக்கும். மாங்காயை வைக்கோலில் போட்டுப் பழுக்க வைப்பது போல இதைப் பழுக்க வைக்க முடியாது. செடியை விட்டுப் பிரிந்த கணத்தில் எந்த நிலையில் இருந்ததோ அதுவே முடிவு.

கண்ணைவிட விரல் நம்பகமானது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த வெள்ளைக்காரரும் இல்லை, என் மாமியார். மகள் பேறுகாலத்துக்காக வந்திருந்தவரை ஒரு செப்டம்பர் மாலையில் அழைத்துப்போனேன். நான் இழுத்து இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தேன். அவர் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மூன்று விரலைக் கூட்டிப் பழத்தின் மேல் வைத்து, இழுக்காமல் லேசாகச் சாய்த்தார். பழம் உள்ளங்கையில் விழுந்தது. பக்கத்துப் பழத்தையும் அப்படியே தொட்டார். அது அசையவில்லை, விட்டுவிட்டார். "வெடிக்காத காயில் பருத்தி வருமா, மாப்பிள்ளை?" என்றார். முப்பது வருடம் பருத்தி எடுத்த கை. அரை மணி நேரத்தில் அவர் டப்பா நிறைந்தது. என் டப்பாவில் பாதிகூட இல்லை, இருந்ததிலும் பாதி புளிப்பு.

தொட்டதும் வருவதை எடுங்கள். வர மறுப்பதை அடுத்த வாரம் வந்து பாருங்கள். பழம் வரும்போது நடுவில் இருக்கும் வெள்ளைத் தண்டும் அதோடு சேர்ந்தே வரும், அது சரிதான். தண்டு செடியிலேயே தங்கி, பழம் மட்டும் தொப்பி போலக் குழிவாக வந்தால் உங்கள் கையில் இருப்பது ராஸ்பெர்ரி.

யாருடைய வேலியோ தெரியவில்லை. பறித்தால் திருட்டாகாதா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்குச் சட்டமே பதில் சொல்கிறது. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம், 4ஆவது பிரிவு, 3ஆவது உட்பிரிவு: தானாக வளர்ந்த செடியிலிருந்து பழம், பூ, இலை பறிப்பது, அந்த நிலம் யாருடையதாக இருந்தாலும், திருட்டு அல்ல. விற்பதற்காகவோ வேறு வணிக நோக்கத்துக்காகவோ பறித்தால் மட்டுமே திருட்டு. ஜாம் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். பறித்ததைச் சந்தையில் கடை விரிக்க முடியாது. யாரோ நட்டு வளர்க்கும் செடிக்கு இந்தச் சலுகை கிடையாது.

பறிப்பது குற்றமில்லை என்பதற்காக வயலுக்குள் இறங்கிவிடலாம் என்று பொருளில்லை. அத்துமீறி நுழைவது தனி விவகாரம். பொது நடைபாதையில் நின்றுகொண்டு கைக்கு எட்டுவதைப் பறித்தால் எந்தத் தொல்லையும் இல்லை. சில பூங்காக்களிலும் இயற்கைக் காப்பிடங்களிலும் தனி விதிகள் உண்டு. வாசலில் பலகை இருந்தால் படியுங்கள்.

முதல் ஆண்டில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. வேலியோரம் நின்றிருந்தபோது பின்னால் டிராக்டர் வந்து நின்றது. நம்மூரில் பிறர் புஞ்சையில் வெள்ளரிப் பிஞ்சு பறித்து மாட்டிக்கொண்ட நினைவில் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். விவசாயி டப்பாவைப் பார்க்கவே இல்லை. "அந்தக் கதவைச் சாத்திவிட்டுப் போ, ஆடு வெளியே வந்துவிடும்" என்று மட்டும் சொன்னார். கிராமப்புறத்தில் உங்கள் மேல் கோபம் வருமானால் பழத்துக்காக வராது, திறந்து போட்ட கதவுக்காகத்தான் வரும்.

எங்கே தேடுவது?

தேடவே வேண்டாம், அது உங்களைத் தேடி வரும். வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலி, கால்வாய்க் கரை, ரயில் நின்றுபோன பழைய பாதை, காட்டின் விளிம்பு, பாழடைந்த மனை என்று வெயில் படுகிற எல்லா இடத்திலும் இருக்கிறது. நீண்டு வளையும் தண்டு எங்கே மண்ணைத் தொடுகிறதோ அங்கே நுனியில் வேர் விட்டு அடுத்த செடியாகிவிடும். அப்படியே நடந்து நடந்து புதர் பரவுகிறது. ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 வரைபடத்தில் பொது நடைபாதைகள் பச்சைக் கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் ஒரு பச்சைக் கோடாவது இருக்கும். தெற்குப் பார்த்த வேலியில் முதலில் பழுக்கும். வடக்குப் பார்த்தது பத்து நாள் பிந்தும். இது தெரிந்திருந்தால் பருவத்தை நீட்டிக்கொள்ளலாம்.

எங்கே பறிக்கக் கூடாது?

வண்டிகள் ஓயாமல் போகும் நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம். ஓடுகிற ரயில் பாதையின் சரிவு கூடவே கூடாது. அங்கே நுழைவது குற்றம், களைக்கொல்லியும் தெளித்திருப்பார்கள். இலை நுனி கருகியோ மஞ்சளாகச் சுருண்டோ இருந்தால் மருந்து பட்டதாக நினைத்து விலகிவிடுங்கள். நடைபாதை ஓரத்தில் முழங்காலுக்குக் கீழே இருப்பதைத் தொடாதீர்கள். காரணம் நாய்கள், விளக்க வேண்டியதில்லை.

விஷப் பழத்தைத் தவறிப் பறித்துவிட்டால்?

மணிமணியாகத் திரண்டு, முள் தண்டில் காய்த்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்த நஞ்சுப் பழம் இங்கிலாந்து வேலிகளில் இல்லை. பயப்பட வேண்டியது வழவழப்பான ஒற்றை உருண்டைகளுக்குத்தான். பெல்லடோனாவின் பழம் கருகருவென்று அழகாக மின்னும். ஐந்து முனைப் பச்சை நட்சத்திரத்தின் மேல் ஒற்றையாக உட்கார்ந்திருக்கும். சில பழங்களே ஓர் உயிரைக் குடிக்கப் போதும். குழந்தைகளுக்கு "கறுப்புப் பழம்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், "மணிப் பழம், முள்ளுச் செடி" என்று சொல்லிக் கொடுங்கள்.

மேலே சாம்பல் பூத்தாற்போல, சில பெரிய மணிகளோடு தரையை ஒட்டிக் கிடப்பது டியூபெர்ரி. பிளாக்பெர்ரியின் தங்கை, தாராளமாகச் சாப்பிடலாம்.

என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

முழுக்கைச் சட்டை, பழைய சட்டை, அடர்ந்த நிறச் சட்டை. கறை போகாது.

பிளாக்பெர்ரியின் முள் ரோஜா முள்ளைப் போலத் தோலில் முளைப்பது. நுனி பின்னோக்கி வளைந்த கொக்கி. அதனால் கையை உள்ளே விடும்போது ஒன்றும் தெரியாது, வெளியே எடுக்கும்போதுதான் பிடிக்கும். மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், கையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, பிறகு விலக்குங்கள். கையுறை போட்டால் பழுத்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. இடது கைக்கு மட்டும் போட்டு அதனால் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நல்ல பழமெல்லாம் எட்டாத உயரத்தில்தான் இருக்கும். ஊரில் முருங்கைக்காய் பறிக்கத் துறட்டி வைத்திருப்போம் அல்லவா, இங்கே பெரியவர்கள் கைப்பிடி வளைந்த ஊன்றுகோலை அதற்குப் பயன்படுத்துகிறார்கள். தண்டை வளைத்துப் பிடித்துப் பறித்து, மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டால் பின்னால் நிற்பவர் முகத்தில் அடிக்கும்.

அகலமான, ஆழமில்லாத டப்பா நல்லது. ஆழமானதில் அடியில் கிடப்பது நசுங்கும். நான் ஐஸ்கிரீம் டப்பாவில் துளையிட்டுக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். பார்க்கச் சகிக்காது, ஆனால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

புதருக்கு அடியில் காஞ்சொறி போலச் சுணைக்கும் நெட்டில் செடி காத்திருக்கும். பட்டால் டாக் இலையைத் தேய்க்கச் சொல்வார்கள். இலையின் குளிர்ச்சிக்கு மேல் வேறு பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குளில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதன் வழியாகத்தான் வருகிறது.

ஊறவைத்தால் வெள்ளைப் புழு மிதக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்!

ஐயோ. அது பெரும்பாலும் ராஸ்பெர்ரி வண்டின் புழுவாக இருக்கும். இல்லையென்றால் 2012இல் பிரிட்டனில் முதன்முதலாகக் காணப்பட்ட ஒரு பழ ஈயின் புழு. மற்ற பழ ஈக்கள் அழுகிய பழத்தைத் தேடிப் போகும். இந்த ஈயின் பெட்டை, அரம் போன்ற பல் வைத்த உறுப்பால் நல்ல பழத்தின் தோலையே அறுத்து முட்டையிடும். காலிஃபிளவரை என்ன செய்வோமோ அதையே செய்யுங்கள்: உப்புத் தண்ணீரில் இருபது நிமிடம் போட்டு, மேலே வருவதை வழித்து எறிந்து, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். தெரியாமல் ஒன்றிரண்டு வயிற்றுக்குள் போனாலும் ஒன்றும் ஆகாது. கொய்யாப்பழம் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

எத்தனை நாள் தாங்கும்?

குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள். கழுவாமல் வையுங்கள்; சாப்பிடப் போகும்போது கழுவினால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பி, தட்டில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி உறையவைத்து, பிறகு பையில் அள்ளுங்கள். ஒரேயடியாகப் பையில் போட்டால் பனிக்கட்டிச் செங்கல்தான் கிடைக்கும். குளிரில் சில மணிகள் மறுபடி சிவந்துவிடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கெட்டுப்போகவில்லை.

ஜாம் இறுகவே மாட்டேன் என்கிறது.

இறுகச் செய்வது பெக்டின் என்ற பொருள். நன்கு பழுத்த பிளாக்பெர்ரியில் அது குறைவு; சிவந்த காயில் கூடுதல். எனவே ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கைப்பிடி சிவப்புக் காயைத் தெரிந்தே சேருங்கள். அதோடு ஓர் எலுமிச்சையின் சாறு, புளிப்பு ஆப்பிள் ஒன்று. பிராம்லி என்ற சமையல் ஆப்பிள் இந்த நாட்களில்தான் வரத் தொடங்கும். பிளாக்பெர்ரியும் ஆப்பிளும் ஆங்கிலேயர் சமையலறையில் சாம்பாரும் முருங்கைக்காயும் போல.

பழத்தை முதலில் தனியாக வேகவிட்டு, பிறகு ஒரு கிலோ சர்க்கரையைக் கொட்டிக் கரையும் வரை மெல்லிய தீயில் கிளறி, அதன் பின் தீயைக் கூட்டுங்கள். வெப்பமானி இருந்தால் 104 முதல் 105 டிகிரி செல்சியஸ். இல்லையென்றால், அதிரசப் பாகுக்குப் பதம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தை இல்லை. உறைவிப்பானில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே தோல் சுருங்கினால் இறக்கிவிடலாம். சர்க்கரையைக் குறைத்தால் நெடுநாள் தாங்காது. குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

நம் சமையலில் சேருமா?

மாங்காய்ப் பச்சடி வைக்கத் தெரியுமா? மாங்காய்க்குப் பதில் பாதி சிவப்பு, பாதி கறுப்புப் பழம். வேகவைத்து, விதை பல்லில் சிக்காமல் இருக்க வடிகட்டி, வெல்லம் போட்டு, கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டுங்கள். தயிர்ச்சோற்றுக்கு இதைவிட நல்ல துணை இங்கே எனக்குக் கிடைத்ததில்லை. ஊறுகாய் போட்டும் பார்த்தோம். அது பற்றிப் பேச வேண்டாம்.

செப்டம்பர் கடைசிக்குப் பிறகு பறிக்கக் கூடாது என்கிறார்களே?

செப்டம்பர் 29 அதிதூதர் மிக்கேல் திருநாள். மிக்கேல் விண்ணிலிருந்து தள்ளிவிட்ட சாத்தான் பிளாக்பெர்ரிப் புதரில் வந்து விழுந்தானாம். முள் குத்திய ஆத்திரத்தில் பழத்தின் மேல் துப்பினானாம். துப்பியதோடு நிற்கவில்லை என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது பதினொரு நாள் தள்ளிப்போனதால், அக்டோபர் 10ஐக் கெடுவாக வைத்திருப்பவர்களும் உண்டு. கதையை விட்டாலும் கெடு சரிதான். அந்த நேரத்துக்கு இரவில் ஈரமும் குளிரும் ஏறி, பழத்தில் சாம்பல் பூஞ்சை படரும், ஈக்கள் மொய்க்கும். சாத்தான் வராவிட்டாலும் வயிறு கெடும்.

இதை எவ்வளவு காலமாகத் தின்கிறார்கள்?

1835இல் டென்மார்க்கின் ஹரால்ட்ஸ்கேர் என்ற இடத்துச் சதுப்பு நிலத்தில் ஒரு பெண்ணின் உடல் கெடாமல் கிடைத்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இறந்தவள். பிற்காலத்தில் வயிற்றை ஆராய்ந்தபோது சிறுதானியமும் பிளாக்பெர்ரியும் இருந்தன. அண்மைக் காலத்துக்கு வந்தால், 1918இல் போர்முனை வீரர்களின் ஜாமுக்காக இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளை அரை நாள் விடுமுறை கொடுத்துப் பறிக்க அனுப்பினார்கள். எவ்வளவு டப்பாவுக்குப் போயிற்று, எவ்வளவு வாய்க்குப் போயிற்று என்று கணக்கு வைத்திருக்க மாட்டார்கள்.

கடையில் வாங்குவதற்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

கடைப் பழம் பெரியது, ஒரே அளவு, ஒரே சுவை. பயணத்துக்குத் தாங்க வேண்டும் என்பதற்காகச் சற்று முன்னதாகவே பறிக்கப்படுவது. வேலியில் அப்படியில்லை. பிரிட்டனில் மட்டும் 300க்கு மேற்பட்ட சிற்றினங்களைப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை கருவுறாமலே விதை உண்டாக்கக்கூடியவை. அந்த விதையில் முளைப்பது தாயை உரித்து வைத்த பிள்ளையாக இருக்கும். அதனால்தான் ஒரு சின்ன மாறுதல்கூட அழியாமல் தனிக் குடும்பமாக நிலைத்துவிடுகிறது. பத்தடி தள்ளி இன்னொரு புதரில் வாய்வைத்துப் பாருங்கள். ஒன்றில் கிராம்பு வாசம் அடிக்கும், ஒன்று வெறும் புளிப்பு, ஒன்று தேன்.

ஒரு செடியைப் பிடுங்கி வந்து தோட்டத்தில் வைக்கலாமா?

நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் கிராமப்புறச் சட்டப்படி குற்றம். அனுமதி கிடைத்தாலும் வைக்காதீர்கள். மூன்றாம் ஆண்டு தோட்டம் அதற்குச் சொந்தம், நீங்கள் குடியிருப்பவர்.

ஆஸ்திரேலியாவில், அமெரிக்காவில் இருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பறிக்கும் முறை பொருந்தும், மற்றது பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் பிளாக்பெர்ரி நாடு முழுவதும் அஞ்சப்படும் களைகளின் பட்டியலில் இருக்கிறது. கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியர்கள், விக்டோரியாவின் அரசுத் தாவரவியலாளர் ஃபெர்டினாண்ட் வான் முல்லரே விதையைத் தூவினார். இப்போது களைக்கொல்லி அடித்து ஒழிக்கப் பார்க்கிறார்கள். அடித்த புதரில் பலகை இல்லாமலும் இருக்கலாம். நிலத்துக்காரரையோ உள்ளாட்சி அலுவலகத்தையோ கேட்காமல் வாயில் வைக்காதீர்கள்.

அமெரிக்காவின் வடமேற்குக் கரையை மூடியிருப்பது "ஹிமாலயன் பிளாக்பெர்ரி". 1885இல் லூதர் பர்பாங்க் என்ற அமெரிக்கப் பயிர் வளர்ப்பாளர் இந்தியாவிலிருந்து தபாலில் வந்த விதையிலிருந்து வளர்த்துப் பரப்பியது. பெயரில்தான் இமயம், செடியின் தாயகம் அர்மீனியா, ஈரான் பக்கம்.

தமிழ்நாட்டில் கிடைக்குமா?

இதே செடி சமவெளியில் வராது. உறவினர்கள் மலையில் இருக்கிறார்கள். உதகை, கொடைக்கானல் சரிவுகளில் மஞ்சளாகப் பழுக்கும் ஒன்றும், கருஞ்சிவப்பில் தொடங்கிக் கறுக்கும் ஒன்றும் முள்புதரில் காய்க்கின்றன. பறித்தால் நடுத்தண்டு செடியிலேயே நின்று, பழம் தொப்பியாகக் கையில் வரும். எனவே அவை ராஸ்பெர்ரிக் கட்சி. சமவெளிக்காரர்களுக்குக் களாக்காய் இருக்கிறது. முள்ளும் உண்டு, கறையும் உண்டு, பிசின் வேறு.

நீங்கள் பறிக்கும் இடம் எங்கே என்று சொல்ல முடியுமா?

முடியாது. என் மைத்துனருக்கே சொல்லவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் இறங்கும் நடைபாதையில் என்று அவர் ஊகித்துவைத்திருக்கிறார். அங்கேயும் கிடைக்கும், ஆனால் அது வடக்குப் பார்த்த வேலி.